ஆறாவது விரல்

மடக்கு நாற்காலிகளைப் பிரித்து வாசலில் போட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர், தோளில் கனமான பையோடு வந்த பெண்மணியைப் பார்த்ததும், "உள்ள இருக்காரு, போய்ப் பாருங்கம்மா" என்றார். காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது அதைத்தான்.

அவள் நகரவில்லை. செருப்புக் குவியலையும் அழுது சிவந்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேக்கரிக்காரர் வீடு இதுதானே சார்? ஒரு பழைய ஓவியம் இருக்கு, அசலா போலியான்னு பாத்துச் சொல்லணும்னு அவர்தான் இன்னைக்கு வரச் சொன்னார். என்ன சார், வீட்ல யாருக்காவது..."

"அவருக்குத்தாம்மா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "நேத்து மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசந்தவர் எழுந்திரிக்கல."

பேக்கரிக்காரர் அவருடைய தங்கை கணவர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பழைய ஹோட்டலை மூடியபோது, அதன் அடுப்பை விலை பேசி வாங்கப் போனவர் அந்த ஓவியத்தோடு வந்து இறங்கினார். அடுப்பின் கதவு கீறாமலிருக்க யாரோ இடையில் செருகி வைத்த படம். ஆற்றுப் படித்துறையில் ஒரு பெண், கக்கத்தில் வாத்தை இடுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். மூலையில் ஒரு மகா ஓவியரின் கையெழுத்து. அன்று பிடித்தது இருவருக்கும் சண்டை. வாரா வாரம் சாப்பாட்டு மேஜையில் அது புதிதாகத் தொடங்கும்.

"போலி மாப்ளே, சுத்தப் போலி. அவ கையில விரலை எண்ணிப் பாருங்க. ஆறு! அவ்ளோ பெரிய ஓவியருக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"அது விரலே இல்ல மச்சான், வாத்தோட மூக்கு. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டுப் பாக்கக் கூடாதா?"

தங்கை வாசலுக்கு வந்தாள். பெண்மணியின் பையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அய்யோ, இன்னைக்குத்தானா அது! ஊரெல்லாம் விசாரிச்சு இவங்களைப் பிடிச்சாருண்ணே. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. இன்னைக்கு உன்னையும் சாப்பிடக் கூப்பிட்டு, இவங்க 'அசல்'னு சொல்லும்போது உன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமாம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இன்னொரு நாள் வரேன்மா" என்றாள் பெண்மணி.

"இன்னொரு நாள் அவர் இருக்க மாட்டாரே. வண்டி வர நேரமிருக்கு. அவரையும் வெச்சுக்கிட்டே பாத்துருங்க."

கூடத்தில் பேக்கரிக்காரர் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் வாத்துக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். பழைய பூச்சையும் புதிய பூச்சையும் பிரித்துக் காட்டும் ஊதா விளக்கில் பார்க்க இருட்டு வேண்டும் என்று பெண்மணி சொன்னதும், துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் திரைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இருட்டில் யாரோ நாற்காலியில் இடித்துக்கொண்டு, "அய்யோ, மன்னிச்சுக்குங்க பேக்கரிக்காரரே!" என்றதும் கூடம் மொத்தமும் சிரித்துவிட்டது. அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்த மகள்கூட எழுந்து மேஜையருகே வந்து நின்றாள்.

பெண்மணி கையெழுத்தின் மேல் பூதக்கண்ணாடியை நகர்த்தினாள். எது வர வேண்டும் என்று தெரியாமல் கண்ணாடிக் கடைக்காரர் துணியால் மூடிய அந்தக் கால்களைப் பார்த்தார். அசல் என்று வரட்டும். வந்து தொலையட்டும்.

"கையெழுத்து அப்புறம் போட்டது" என்றாள் அவள். "பாருங்க, படம் காய்ஞ்சு வெடிச்ச பிறகு எழுதியிருக்காங்க. எழுதின மை அந்த வெடிப்புக்குள்ள இறங்கியிருக்கு."

கூடம் உச்சுக் கொட்டியது. எல்லார் முகமும் கண்ணாடிக் கடைக்காரர் பக்கம் திரும்பியது. ஆயுள் முழுக்க அவர் சொன்ன கட்சி ஜெயித்திருக்கிறது.

"அதனால என்ன?" என்று எகிறினார் அவர். "ஓவியர் போடாம விட்டிருப்பாரு. விக்கிறதுக்காக எவனோ பின்னால போட்டிருப்பான். கையெழுத்து பொய்னா படமும் பொய்யா? அந்தச் சிரிப்பைப் பாருங்க மேடம். இந்த மாதிரி சிரிப்பை வேற எவன் வரைவான்?"

"மாமா, இது அப்பா சொல்றது" என்றாள் தங்கை மகள்.

"யார் சொன்னா என்ன? சரியாத்தானே சொல்லியிருக்காரு! அந்த ஓவியர் அந்த ஹோட்டல்ல வந்து தங்கினாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

"நீதானேண்ணே அதைப் புளுகுன்னு சொன்னே?" என்றாள் தங்கை.

"நான் ஆயிரம் சொல்லுவேன். மேடம், நீங்க இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

அவள் படத்தைத் திருப்பி, அது வரையப்பட்டிருந்த துணியின் பின்புறம் மங்கியிருந்த ஒரு முத்திரையைக் காட்டினாள். அந்தத் துணியை விற்ற கடையின் முத்திரை. அந்தக் கடை திறந்தபோது ஓவியர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. ஜெயித்த மனிதர் அப்படித் தொங்கிப்போன முகத்தோடு நின்றதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஆனா இது காப்பியும் இல்ல சார்" என்றாள் அவள்.

"இல்லையா? அப்ப அந்த ஆறு விரல்?"

"அதை வெச்சுத்தான் சொல்றேன். வரைஞ்சவர் முதல்ல கையை இங்க வரைஞ்சிருக்கார். பிடிக்கல. மேல வண்ணம் பூசி மறைச்சுட்டு, கொஞ்சம் தள்ளி வரைஞ்சிருக்கார். வயசாக ஆக மேல பூசினது மெலிஞ்சு, அடியில இருந்த பழைய விரல் எட்டிப் பாக்குது. காப்பி எடுக்குறவன் இப்படித் தடுமாற மாட்டான். கண்ணால பாத்து, யோசிச்சு யோசிச்சு வரைஞ்ச கை இது. யாருன்னு தெரியல. பேரில்லாத ஆளு. ஆனா நல்ல கை."

"அப்ப யார் ஜெயிச்சது?" என்று திரைச்சீலையைப் பிடித்தபடியே கேட்டாள் டீச்சர்.

"ரெண்டு பேரும் தோத்துட்டாங்க" என்றாள் பெண்மணி.

முதலில் சிரித்தது தங்கைதான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "கேட்டீங்களா? ரெண்டு பேரும் அவுட்டாம்!" என்று கணவரிடம் குனிந்து சொன்னாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். ஜன்னல்கள் திறந்தன. வெளிச்சம் வந்தபோது கூடத்தில் ஒருவர் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உள்ளே நுழைந்த தூரத்து உறவினர் ஒருவர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே தயங்கினார். கண்ணாடிக் கடைக்காரரும் வயிறு வலிக்கச் சிரித்தார். 'மாப்ளே, விரலும் நிஜம், படமும் நிஜம், நாம ரெண்டு பேரும்தான்யா டூப்பு' என்று சொல்லத் திரும்பியவர் கண்ணில் வெள்ளைத் துணிதான் பட்டது.

வண்டி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

"அவர் கிளம்புறதுக்குள்ள படத்தை மாட்டிடுங்க" என்றாள் தங்கை.

கண்ணாடிக் கடைக்காரரே ஸ்டூலில் ஏறினார். படத்தை வாங்கி ஆணியில் மாட்டி, விளிம்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"நேராத்தான் இருக்கு மாமா, இறங்குங்க" என்றாள் தங்கை மகள்.

"இல்ல. இடப்பக்கம் லேசா இறங்கியிருக்கு."

"நேரா இருக்கு சார்" என்றாள் பெண்மணியும்.

"உங்களுக்கு அங்கிருந்து தெரியாது" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார் அவர். வெளியே வண்டிக்காரர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கவில்லை. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக இருந்த படத்தை நேராக்கிக்கொண்டே இருந்தார்.