அளவு ஜாக்கெட்

எங்கள் சபையில் கயிறு இழுக்கும் போட்டியில் பெண்கள் பக்கம் ஜெயித்து ஏழு வருஷம் ஆகிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஏழு வருஷமும் அறுப்புப் பண்டிகை முடிந்ததும் மூன்று பிரியாணி அண்டா, ரசம் வைத்த குண்டான், சபையின் அத்தனை தட்டு, கரண்டி எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தன. தோற்ற பக்கம் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது எங்கள் சபையின் சட்டம். எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பத்துக் கட்டளையில் இரண்டை மறந்தவர்கள்கூட இதை மறப்பதில்லை.

நான் மலர்க்கொடி, மாதர் சங்கத்துச் செயலாளர். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில், ஏரிக்கரை இறக்கத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த மெத்தடிஸ்ட் ஆலயம் எங்களுடையது. உள்ளே நடுவில் ஒரு சிவப்பு விரிப்பு ஓடும். அதற்கு இடது பக்கத்துப் பாய்கள் ஆண்களுக்கு, வலது பக்கத்துப் பாய்கள் எங்களுக்கு. ஆண்கள் பக்கத்துக்குத் தலைவர் என் வீட்டுக்காரர் சுப்பிரமணி. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஞானஸ்நானத்தில் சாலமோன் என்று பேர் வைத்தார்கள். ஞானம் இன்னும் வந்து சேரவில்லை என்பதால் நாங்கள் சுப்பிரமணி என்றே கூப்பிடுகிறோம்.

இந்த இரண்டு பக்கத்திலும் இல்லாமல் ஒருத்தி ஆறு மாதமாக வாசற்படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனை கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் இளமதி. திருநங்கை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். வந்த முதல் ஞாயிறு இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், அப்புறம் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரவும் சொல்லவில்லை. போதகர் ஜான் ஐயா, பாவம், நான்கு வாரம் விடாமல் ஆண்டவர் வீட்டில் எல்லாருக்கும் இடம் உண்டு என்று பிரசங்கம் பண்ணினார். நாங்களும் நான்கு வாரம் விடாமல் ஆமென் சொன்னோம். பாயை மட்டும் ஒரு சாண் நகர்த்தவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். என் மார்பளவு, கையளவு, முதுகில் எந்தப் பக்கம் சதை கூட என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவ்வளவும் தெரிந்தவளைப் பக்கத்தில் உட்கார வைக்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் என் பக்கத்துப் பாயில் உட்காருகிற பாஞ்சாலி என்ன சொல்வாளோ என்று நான் இருந்தேன். நான் என்ன சொல்வேனோ என்று பாஞ்சாலி இருந்தாளாம். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். இரண்டு பேரையும் நிற்க வைத்து அடித்தால் தகும்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் பாட்டில் பச்சையில் பட்டுத் துணி எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டும் கொடுத்தேன். அதை விரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

“அக்கா, இது எந்த வருசத்து அளவு?”

“போன வருசம்தான்” என்றேன். என் மூத்தவன் ஞானஸ்நானத்துக்குத் தைத்தது அது. அவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

“ஒரு மூணு இஞ்சு வுட்டுத் தைக்கட்டாக்கா?”

“ஏன், நான் இன்னா அண்டா மாதிரியா கீறேன்? குடுத்த அளவுக்கு ஒயுங்கா தைடீ.”

அவள் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “சரிக்கா. ஆனா கைய மட்டும் ரொம்பத் தூக்காதீங்க” என்றாள்.

பண்டிகை வந்தது. சம்பா அறுத்த வயல்களெல்லாம் தாள் நின்று கிடந்தன. ஆலயத்துக்குள் பரங்கிக்காய், நெற்கட்டு, வாழைத்தார், கரும்பு என்று பலிபீடமே தெரியாத அளவுக்குக் குவிந்திருந்தது. யாரோ கால் கட்டிக் கொண்டுவந்த சேவல் அவிழ்த்துக்கொண்டு வேதத்தில் சங்கீத வாசிப்பு நடக்கும்போதே போதகரின் அங்கிக்குள் புகுந்தது. அவர் நிறுத்தாமல் வாசித்தார், கொஞ்சம் உயர்ந்த குரலில். அப்போதே எனக்குத் தெரியும், இன்றைக்கு யாரும் ஒழுங்காக இருக்கப்போவதில்லை என்று.

ஆராதனை முடிந்து, பிரியாணி தம்மில் இருக்கும்போது எல்லாரும் பின்னால் வயலுக்கு ஓடினோம். பெண்கள் பன்னிரண்டு பேர், ஆண்கள் பத்துப் பேர் என்பது கணக்கு. நடுவர் பாண்டுரங்கன் ஐயா. ஊர்த்தெருக்காரர், நிலபுலன் உள்ளவர், எங்கள் சபைக்காரர் இல்லை. அவர் வயலில் நாற்று நட்டு இடுப்பொடிந்தவள்தான் நான். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பரங்கிக்காயோடு பண்டிகைக்கு வந்தார். எங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டார். அன்றிலிருந்து டிராக்டர் கயிறும் அவருடையது, விசிலும் அவருடையது. எந்தப் பக்கமும் சேராத ஆள் அவர் ஒருவர்தானே.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பதினோரு பேர்தான். திலகாவுக்கு ஏழாம் மாதம், கயிற்றை விடுங்கள், செருப்பைக் குனிந்து மாட்டவே முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். “ஒரு ஆளு கொறையுதா? பேஜாரே வேணாம். இப்பவே சபீனாப் பவுடரும் தேங்கா நாரும் எடுத்துக்கினு போய்க் குந்துங்க. நேரமாவது மிச்சம்.”

எனக்கு வந்ததே கோபம்! சுற்றிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளமதி நின்றிருந்தாள். அஞ்சேமுக்கால் அடி உயரம். அகலமான தோள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது என் மனதில் அன்பும் இல்லை, பிரசங்கமும் இல்லை. அந்தத் தோள் மட்டும்தான் இருந்தது.

“இளமதி! போன உள்ள போடு. வந்து கயித்தப் புடி!”

அவள் தன் மார்பில் கை வைத்து, நானா என்பதுபோலப் பார்த்தாள்.

“அது செல்லாது” என்றார் என் வீட்டுக்காரர். “அது எப்டி பொம்பளைங்க கணக்குல வரும்? ஐயா, நீங்களே சொல்லுங்க.”

“ஏன்யா வராது? ஜாக்கெட்டு தைக்கறப்போ எங்க கணக்குல வரா, கயிறு புடிக்கறப்போ மட்டும் வரமாட்டாளா?” என்று நான் கத்தினேன். கத்திய பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. ஆறு மாதம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று சுருக்கென்றது. பின்னால் பாஞ்சாலி, “எனக்கு இன்னாமோ செரியாப் படல” என்று முணுமுணுத்தாள்.

பாண்டுரங்கன் ஐயா விசிலை வாயிலிருந்து எடுத்தார். என்னையும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரையும் கேட்கவில்லை. நேராக அவளிடம் போனார்.

“நீ சொல்லும்மா. எந்தப் பக்கம் நிக்கற?”

ஆறு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றினாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், எனக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தாள்.

ஐயா விசில் ஊதினார்.

ஐயோ, அந்த இழுப்பை என்னவென்று சொல்வேன்! ஏழு வருஷ அண்டாக்கள் எங்கள் கண் முன்னால் வந்து நின்றன. “ஏலேலோ” என்று பாஞ்சாலி ஆரம்பித்தாள், மற்றவர்கள் “அல்லேலூயா” என்று முடித்தார்கள். போதகர் ஐயா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டின் ஓரமாகக் குதித்தார், எந்தப் பக்கத்துக்கு ஜெபம் பண்ணுகிறார் என்று சொல்லாமலே. நடுவில் கட்டிய சிவப்புத் துணி நகர்ந்தது. எங்கள் பக்கம்! ஒரு முழம், இரண்டு முழம். என் வீட்டுக்காரரின் முகம் தக்காளிப் பழம்போல ஆனது. இன்னும் ஒரு முழம்தான். நான் ஜெயித்தே விட்டேன் என்று நினைத்து இரண்டு கையையும் உயர்த்திக் கயிற்றை எட்டிப் பிடித்தேன்.

சர்ர்ர்.

அக்குளில் தொடங்கி இடுப்பு வரை தையல் விட்டது. முந்தானையோ இடுப்பில் சுருட்டிச் செருகியிருக்கிறது. எதிரில் பத்து ஆண்கள், சுற்றிலும் ஊரே நிற்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றை விட்டாலும் மானம் போகும், விடாவிட்டாலும் மானம் போகும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சேலைத் தலைப்பு என்னைச் சுற்றி வந்தது. “அக்கா, கைய எறக்குங்க” என்று காதோரம் குரல் கேட்டது. இளமதி கயிற்றை விட்டுவிட்டு, தன் முந்தானையை உருவி என்னைச் சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தாள். முன்னால் நின்ற நானும் விட்டேன், பின்னால் நின்ற அவளும் விட்டாள். கயிறு தெறித்து ஓடியது. மீதிப் பத்துப் பேரும் வாய்க்கால் சேற்றில் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் மல்லாக்க விழுந்தார்கள், விழுந்தபடியே “ஜெயிச்சிட்டோம்” என்று கூவினார்கள்.

பாஞ்சாலி முகமெல்லாம் சேறாக எழுந்தாள். “பாத்தியா? நான் அப்பவே நெனச்சேன். ஒரு முயம் கீது, கயித்த வுட்டுட்டா! மனசு அந்தப் பக்கம் போய்ட்ச்சி. அவ நம்ம பக்கம் இல்லடி!”

எல்லாரும் இளமதியைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், தப்பித்திருப்பாள். எனக்காக வாயை மூடிக்கொண்டாள். என் முந்தானையை எடுத்து என் மேல் போர்த்தி, தன் தலைப்பிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றி என் தோளில் குத்திவிட்டு, மெதுவாகச் செருப்பு கிடந்த பக்கம் திரும்பினாள். இந்தச் செருப்பை மாட்டினால் அவள் இனி வாசற்படிக்குக்கூட வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோனது.

நானும் பேசாமல் இருந்திருக்கலாம். என் மானம் என்னோடு இருந்திருக்கும். ஆனால் அந்த நிமிஷம் என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

“நிறுத்துங்கடி!” என்று கத்தினேன். “என் ஜாக்கெட்டு கியிஞ்சிடுச்சி! இங்கேர்ந்து இது வரிக்கும்! அத்த மறைக்கத்தான் அவ கயித்த வுட்டா. இல்லன்னா இந்நேரம் ஊரே என்ன வேடிக்க பாத்துக்கினு இருந்திருக்கும். பன்னண்டு பேருல என்னப் பத்தி நெனச்ச ஒரே பொம்பள அவதான்!”

என் வீட்டுக்காரர் விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டார்:

“எந்த அளவு குடுத்த?”

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. “பெரியவன் ஞானஸ்நானத்து ஜாக்கெட்டு. அவ மூணு இஞ்சு வுடறேன்னா. நான்தான் வேணான்னுட்டேன்.”

முதலில் திலகா சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் வயலே சிரித்தது. பாண்டுரங்கன் ஐயா துண்டை வாயில் திணித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். போதகர் ஐயா சிரிக்கக் கூடாது என்று வானத்தைப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. பாஞ்சாலி சிரித்துச் சிரித்து மறுபடியும் சேற்றில் விழுந்தாள். எழுந்து வந்து, ஒட்டியிருந்த சேற்றோடு இளமதியின் கையைப் பிடித்தாள். “என்ன மன்னிச்சிடு கண்ணு. என் வாயி அப்டி” என்றாள். இளமதி அழுதாள், சிரித்தாள், எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கே மனம் இளகிவிட்டது. “இது கணக்குல வராது. மறுபடியும் இயுப்போம்” என்றார்.

“வேணாம்ண்ணா” என்றாள் இளமதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையை வரிந்து கட்டினாள். “தோத்தது தோத்ததுதான். அண்டா எங்க கீது?”

அன்றைக்குப் பெரிய அண்டாவின் அடியில் பிடித்திருந்த தீய்ந்த சோற்றைச் சுரண்ட அவள் பாதி உடம்பை உள்ளே விட்டிருந்தாள். வெளியே நாங்கள் பதினோரு பேர் தண்ணீர் ஊற்றினோம். அண்டாவுக்குள்ளிருந்து அவள் பாடிய பாமாலை கணகணவென்று வயல் வரைக்கும் கேட்டது. பாத்திரம் கழுவ இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கும் வயிறு எரியவில்லை.

அடுத்த ஞாயிறு. போதகர் ஆரம்ப ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் அரைக் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். பழக்க தோஷம், இளமதி மறுபடியும் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏய் இளமதி!” என்று நான் போட்ட சத்தத்தில் ஜெபம் நின்றது. “அங்க இன்னா பண்ணிக்கினு கீற?”

எனக்கு முந்தியே பாஞ்சாலி நகர்ந்துவிட்டாள். பாயைத் தட்டி, “இங்க கீது எடம்” என்றாள். அவள் நகர, அடுத்தவள் நகர, வரிசைக் கடைசியில் இருந்த திலகா வயிற்றோடு சிவப்பு விரிப்பின் மேலேயே போய் உட்கார வேண்டியதாயிற்று. “எல்ல தாண்டிட்டாங்க ஐயா” என்று என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து புகார் சொன்னார். போதகர் ஐயா ஆமென் என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.

இளமதி குனிந்தபடி வந்து எனக்கும் பாஞ்சாலிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் புது ஜாக்கெட் போட்டிருந்தேன், அவள் கையால் அளவெடுத்துத் தைத்தது. மூன்று இஞ்சு இல்லை, நான்கு இஞ்சு விட்டிருந்தாள். கண்ணை மூடியபடியே என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

“மூச்சு வுட முடியுதாக்கா?”

“தாராளமா முடியுதுடி” என்றேன். “உனக்கு?”