முதலில் வந்த சரக்கு

கிடங்கைக் குடியிருப்பாக மாற்றிவிட்ட விஷயத்தைக் கட்டடத்திடம் யாரும் சொல்லவில்லை. அதனால் அது தன் பழைய வேலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தின் கடைசியில் நின்றது அந்தக் கட்டடம். ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டியது. ஆள் நீட்டிப் படுக்கிற அகலத்துக்குச் சுவர். தேக்கு உத்தரங்கள். வாசலில் உருண்டையாக இரண்டு பெரிய தூண்கள். மூட்டைகளுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு மாடியிலும் அந்தரத்தைப் பார்த்துத் திறக்கும் ஒரு கதவு, அதற்கு மேலே ஒரு கப்பி. முதலில் அவுரிச் சாயம் வைத்திருந்தார்கள். பிறகு மிளகு, பருத்தி, காகிதம். இப்போது குடும்பங்கள்.

உள்ளே வந்த சரக்கு என்றைக்காவது வெளியே போகத்தானே வேண்டும்? தணிகாசலத்தின் எதிர்வீட்டுத் தமிழாசிரியர் போன வாரம் போனார். கோணியில் வைத்துத் தைத்து, கப்பியில் இறக்கினார்கள். கீழே சந்து இல்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் இருந்தது போல, கடல் சுவர்வரைக்கும் வந்திருந்தது. கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் மசூலாப் படகு ஒன்று காத்திருந்தது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்பது கிடங்கில் வழக்கமில்லை. மறுநாள் ஆசிரியரின் மனைவி எப்போதும் போல இரண்டு பேருக்கான பாலை வாங்கினாள்.

இந்த வாரம் ஒரு நாள் காலை தணிகாசலம் வீட்டுக் கதவைத் தட்டினார் சூசை. கப்பி இழுப்பவர். கட்டடத்தோடு சேர்ந்து வந்தவர்.

"உங்க வீட்லேர்ந்து ஒண்ணு போவணும் சார்."

"எதுக்கு?"

"கப்பல் வந்துருக்கு."

"யாரு போகணும்?"

"மொதல்ல வந்தது மொதல்ல போவும். இல்லாங்காட்டி பூச்சி புடிச்சிடும்."

தணிகாசலம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். புதுமனை புகுந்த அன்று நிறைகுடத்தோடு முதலில் நுழைந்தவள் அவன் மனைவி கோமளவல்லி. "நீ முன்னாடி போ" என்று பெருமையாகச் சொன்னது அவன்தான். அந்த வாயில் இப்போது போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கோமளவல்லி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் மொதல்ல வந்தேன்."

"இல்ல, நான்" என்றான் தணிகாசலம். "அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே வந்தேன். கட்டில் நுழையுமான்னு அளந்து பாத்தேன். உங்கிட்ட சொல்லல."

பொய்யில்லை. நிலைக்கதவில் அவன் போட்ட பென்சில் கோடு இருந்தது. சூசை அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோணியை உதறினார்.

தணிகாசலத்துக்கு அழுகை முட்டியது. பயம் ஒரு பக்கம், ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு வாக்குவாதத்தில்கூட அவன் ஜெயித்ததில்லை. கோணிக்குள் ஒரு காலை வைத்தான். மிளகு நெடி ஏறியது.

"நீங்க அளக்க வந்தப்ப கூடத்து ஜன்னல்ல ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"ஒரு கொண்டை ஊசி. யாரோ விட்டுட்டுப் போயிருந்தாங்க."

"யாரோ இல்ல. நான்தான்."

தணிகாசலம் அவசரமாக மற்றக் காலையும் கோணிக்குள் வைக்கப் போனான்.

"பேப்பர்ல இந்த வீட்டு விளம்பரத்த நீங்க வட்டம் போட்டு வெச்சிருந்தீங்க. காத்து வருமான்னு பாக்க வந்தேன். காத்து இல்லேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே. அப்புறம் நீங்களே தேடிப் புடிச்ச வீடுன்னு அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. சொல்ல மனசு வரல."

"ஊசியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான் அவன்.

"சொல்லிட்டீங்களே சார்" என்றார் சூசை. அவன் காலிலிருந்து கோணியை மெதுவாக உருவினார்.

அவர் தையல் நன்றாக இருந்தது. கோணிக்குள்ளிருந்து கோமளவல்லியின் குரல் வந்தது. "பாலு ஆறினதும் உறை ஊத்திடுங்க."

அந்தரக் கதவு திறந்தது. கீழே கடல். கப்பி முனகியது. படகு அலையில் ஏறி இறங்கி, சின்னதாகி, தெரியாமல் போனது. தணிகாசலம் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"இப்ப இந்த வீட்ல மொதல்ல வந்தது நான்தானே?"

"ஆமா சார்."

"அடுத்த கப்பல் எப்போ?"

சூசை கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கீழே சந்து திரும்பி வந்திருந்தது. ஒருவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இங்க கப்பல் வராது சார். துறைமுகம் கட்டிட்டாங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். தணிகாசலம் பாலுக்கு உறை ஊற்றினான். பிறகு கட்டிலில் போய்ப் படுத்தான். கூடத்து ஜன்னலிலிருந்து காற்று நன்றாக வந்தது. அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.