பதிவேட்டுச் சம்பளம்

விடிவதற்குள் நானூறு ஆஸ்பத்திரிப் போர்வைகளை உதறி முடித்திருந்தோம். பாய்லர் ஆவியில் முகம் வெந்துபோயிருந்தது. சலவைத்தூள் விரலிடுக்குகளை அரித்தது. அந்தக் கையால்தான் நான் பேனா பிடிப்பேன். இந்தச் சலவைக்கூடத்தில் எனக்கு ‘ஃபாரம் அக்கா’ என்று பெயர். யார் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போனாலும் விண்ணப்பம் நிரப்பும் வேலை என் தலையில்தான் விழும்.

அன்று மடிப்புக்காரி ஓடிவந்து ஒரு தாளை நீட்டினாள். அவள் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை மனுவுக்கு அன்று மாலை ஐந்து மணி கடைசி. முதலாளியின் சம்பளச் சான்று மட்டும்தான் பாக்கி. அதுதான் அந்தத் தாள்.

“அக்கா, இதுல பதினெட்டாயிரம்னு போட்டிருக்கு. நான் கையில வாங்குறது பதினோராயிரம்தானே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத வருமானம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால் ஒரு காசு உதவி கிடையாது. போன வருடம் இன்னொரு பெண்ணுக்கு இதே மாதிரித் தாளைத் தொகையைப் பார்க்காமல் நானே இணைத்து அனுப்பினேன். மனு திரும்பி வந்தது. அவள் படிப்பை விட்டு இப்போது எங்களோடு போர்வை உதறுகிறாள். பாழாய்ப்போன என் கண்!

இருவரும் மாடிக்குப் போனோம்.

“ஐயா, தொகை தப்பா இருக்கு” என்றேன்.

“தப்பே இல்ல. சட்டம் சொல்ற சம்பளம் அதுதான். என் பதிவேட்டுலயும் அப்படித்தான் இருக்கு” என்றார் முதலாளி.

“அப்போ அந்தப் பதினெட்டாயிரத்தையே குடுத்துடுங்க. யார் உதவியும் வேணாம், என் பொண்ண நானே படிக்க வெச்சுக்கறேன்” என்றாள் மடிப்புக்காரி.

அவர் முகம் சிவந்தது. “வாய் நீளுது! குறைச்சு எழுதிக் குடுத்துட்டு நான் கம்பி எண்ணணுமா? வேணும்னா வெச்சுக்க, இல்லேன்னா கிழிச்சுப் போடு.”

இறங்கும்போது அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “விடுங்கக்கா. அவளையும் இங்கேயே சேர்த்துடறேன்.”

“எந்திரிடி!” என்று கத்தினேன். ஃபாரத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்: சான்று தவறு என்றால் மனுதாரர் தனியே எழுதித் தரலாம், உடன் வேலை செய்வோர் தம் சம்பளத்தையும் குறிப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து இடலாம்.

எழுதினேன். இயந்திர இரைச்சலுக்கு மேலே தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எல்லாரும் கேட்டார்கள், தலை குனிந்துகொண்டார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை போகும் என்று எனக்கு மட்டும் தெரியாதா?

பாய்லர்காரர் ஆவியை அடைத்துவிட்டு வந்தார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் நின்றன.

“உங்களுக்குப் பிள்ளையே இல்லையேண்ணே, எதுக்கு வம்பு?” என்றாள் மடிப்புக்காரி.

“பிள்ளை இல்லம்மா. சம்பளம் இருக்கே, அதுல எனக்கும்தானே கை வெச்சிருக்கான்? குடு பேனாவ.”

பத்தாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்தவள், போன வருடம் நான் படிப்பைக் கெடுத்த அந்தப் பெண். என் முகத்தைப் பார்க்காமலே போட்டாள். அப்புறம் வரிசை சேர்ந்தது. இருபத்தேழு பேர்.

“மெஷின் ஏன் நின்னுச்சு?” மேலிருந்து முதலாளி கத்தினார்.

“அந்தப் பதிவேட்ட எடுத்துக்கிட்டுக் கீழ வாங்க” என்றார் பாய்லர்காரர். “எங்க சம்பளம் என்னன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.”

மனுவை ஏற்பார்களா, நாளைக்கு வேலை இருக்குமா, ஒன்றும் தெரியாது. மடிப்புக்காரி தாள்களோடு பேருந்துக்கு ஓடினாள். நாங்கள் படிக்கட்டடியில் போய் நின்றோம். முதலாளி இன்னும் இறங்கவில்லை. நாங்களும் நகரவில்லை.