பட்டறைக்கு ஒரே ஃபேன்

உலகத்து யுத்தங்களைக் கடவுள் ஒருநாள் ஓயப்பண்ணுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் இரும்புப் பட்டறை யுத்தத்தை என்ன செய்வார் என்பதுதான் கவலை.

அங்கே என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் கூட்டாளிகள். இருப்பது ஒரே ஃபேன். அதுவும் தானாகத் தலை திருப்பாது. அது யார் பக்கம் வீசுவது என்று தொடங்கிய சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இந்த மாதத்தோடு விலகிவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டான். அவன் போனால் என் பிறந்த வீடும் அவனோடு போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அந்த நேரம் பார்த்துப் போதகர் ஒரு பழைய வாளோடு வந்தார்.

"வாளை மண்வெட்டியா அடிப்பாங்க, ஈட்டியை அரிவாளா அடிப்பாங்கன்னு தீர்க்கதரிசி சொன்னாரே, அதை ஞாயித்துக்கிழமை சபையில காட்டணும். அடிச்சுக் குடுங்க" என்றவர், ஃபேனுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் குறடால் வாளைப் பிடித்தான். என் வீட்டுக்காரர் சம்மட்டியைத் தூக்கினார். பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை அது.

"உன் அண்ணனைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

"அண்ணே, திருப்பிப் பிடிக்கணுமாம்."

"உன் புருஷனைப் பார்த்து அடிக்கச் சொல்லு."

நான் தூது போய் வருவதற்குள் இரும்பு ஆறிவிட்டது. மறுபடி காய்ச்சினார்கள். மறுபடியும் ஆறியது.

"தீர்க்கதரிசனம் நிறைவேற நேரமாகும் போல" என்றார் போதகர், காற்று வாங்கியபடியே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூமியோட கடைசி வரைக்கும் போய் யுத்தத்தை நிறுத்துறவரு, இந்த ஃபேன் வரைக்கும் வரமாட்டாராமா?" என்று கத்தினேன்.

அடுத்த அடியில் பொறி பறந்து அண்ணன் சட்டையில் விழுந்தது. சட்டை பற்றிக்கொண்டது.

"மச்சான், சட்டை!" இவர் சம்மட்டியை வீசிவிட்டு வெறுங்கையாலேயே தட்டி அணைத்தார். உள்ளங்கை பொசுங்கிப் போனது.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். "அறிவிருக்கா மாப்ள? நெருப்பை யாராவது கையால தட்டுவாங்களா?" என்றான். போதகரைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஃபேனை இவர் கைக்கு நேராகத் திருப்பினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு அண்ணன் சம்மட்டியை எடுத்தான். இவர் இடக்கையால் குறடைப் பிடித்தார். "திருப்பு மாப்ள!" "அடி மச்சான்!" என்று வாள் ஒருவழியாக மண்வெட்டியானது. கரண்டி என்றாலும் நம்பலாம்.

போதகருக்கு ஒரே சந்தோஷம். "வீட்டுல ஈட்டி ஒண்ணும் கிடக்கு. நாளைக்கே கொண்டாரேன், அரிவாளா அடிச்சிருவோம்!"

"வேண்டாம் ஐயா!" என்று குறுக்கே பாய்ந்தேன். "ஃபேன் இன்னும் ஒண்ணுதான் இருக்கு. இவங்க கையில போய் அரிவாளைக் குடுக்காதீங்க."