வியாழக்கிழமை மாலை வரை காத்திராத வளையம்

வாருங்கள், வந்து சாட்சியாக நில்லுங்கள். ஆள் குனியாமல் நடந்து போகலாம் போல அகன்று, பட்டறைக் கூடத்தின் நடுவே கிடக்கிறதே இந்த இரும்பு வளையம், இதன் மேல்தான் ஒரு பொய் எழுதப்பட்டது. இருட்டில் அல்ல. பட்டப்பகலில், தேநீர் குடித்துக்கொண்டே எழுதப்பட்டது.

இரண்டு ஆண்டுகளாக அந்தக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஒரு கப்பலும் கடலில் இறங்கவில்லை. கடலுக்குள் நிறுத்தும் காற்றாலைகளுக்கு அடித்தூண் செய்யும் ஒப்பந்தம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றது நிர்வாகம். அதற்கான இயந்திரங்கள் வாங்கப் பங்கு விற்றது. வெளியார் தயங்கவே தொழிலாளரிடம் வந்தது. “தளம் உங்களுடையது” என்று சுவரெல்லாம் ஒட்டியது. சம்பள உயர்வு கேட்ட ஒரு நாளிலாவது அந்தத் தளம் அவர்களுடையதாக இருந்ததுண்டா?

அவள் அங்கே வெல்டிங்கைச் சோதிப்பவள். இரும்பின் மேல் பசை தடவி, கருவியை நகர்த்தி, உள்ளே ஒலியை அனுப்பித் திரையில் விரிசல் தேடுவாள். கர்ப்பிணியின் வயிற்றைப் பார்ப்பது போலிருந்ததால் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா.

“டாக்டரம்மா, ஆணா பொண்ணா?”

“உன் மண்டை மாதிரிதான். உள்ள ஒண்ணும் இல்ல.”

அவள் தம்பி அங்கேயே வெல்டர். வீடு கட்டச் சேர்த்ததையெல்லாம் பங்கில் போட்டிருந்தான்.

ஒப்பந்தம் கொடுக்கக்கூடிய நிறுவனத்தாரும் முதலீட்டாளர்களும் வியாழன் காலை வருவதாக இருந்தது. அடித்தூணின் மாதிரித் துண்டான அந்த வளையத்தின் கடைசி இணைப்போ செவ்வாய் மாலைதான் முடிந்தது. அவ்வளவு தடித்த தகட்டை நன்றாகச் சூடேற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளுக்குள் விரியும். அதுவும் உடனே விரியாது. அதனால்தான் நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுத்துச் சோதிப்பது என்ற விதி.

புதன் மதியம் மேலாளர் அவளை வளையத்தருகே கூப்பிட்டார்.

“இப்பவே பாத்துடுங்கம்மா.”

“இப்ப பாத்தா சுத்தமாத்தான் சார் தெரியும்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்! சுத்தமா இருக்குன்னு எழுதுங்க. வெல்டிங் திங்கக்கிழமையே முடிஞ்சதா ஒரு வரி சேத்துக்குங்க.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவங்களை இருக்கச் சொல்லுங்க. பாத்து எழுதித் தரேன்.”

“அவங்க ஃபிளைட் பிடிக்கணும். உங்க விரிசலுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களா?”

“விரிசல் என்னோடது இல்ல சார்.”

அவள் பேனாவைத் தொடவில்லை. அது வீரமல்ல, சலிப்பு. இருபது ஆண்டுகளாக இதே பேச்சை வேறு வேறு மேலாளர்களின் வாயால் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் தம்பி எதிரே வந்து உட்கார்ந்தான்.

“ஒரு கையெழுத்துதானேக்கா. நீ போடலன்னா இன்னொருத்தன் போடப்போறான்.”

“போடட்டும்.”

“ஆர்டர் போச்சுன்னா என் வீடு போச்சு. அதுதான் வேணுமா உனக்கு?”

“அந்தத் தூணுல ஏறப்போறவனுக்கும் ஒரு அக்கா இருப்பாடா.”

“நல்லாப் பேசு. பேசியே மாடி வரைக்கும் கட்டிடலாம்.”

“ஒழுங்காச் சூடேத்தினீங்களா?”

அவன் தட்டைப் பார்த்தான். “நேரம் இல்ல, பர்னரை அணைன்னாங்க. அணைச்சேன்.”

வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட சோதனையாளன் ஒருவன் அன்று மூன்று மணிக்கே, தேநீர் குடித்துக்கொண்டே, சுத்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டான். வியாழன் காலை வந்தவர்கள் வளையத்தைத் தட்டிப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் பங்கின் விலை ஏறியது. கூடமே கைதட்டியது, தம்பியும் தட்டினான்.

மாலையில் நேரம் நிறைந்ததும், யாரும் கேட்காமலேயே அவள் பசை தடவினாள். திரையில் ஒரு கோடு எழுந்தது. கருவி நகர நகர, ஒரு சாண் தூரத்துக்கு அது விடாமல் கூடவே வந்தது. சாக்பீஸால் சுற்றி வரைந்து பக்கத்தில் மணியைக் குறித்தாள். திரும்பினால் பின்னால் தம்பி நின்றிருந்தான்.

“என் ஜாயின்ட்டுக்கா இது.”

“தெரியும்.”

“அழிச்சிடவா?”

“சாக்பீஸை அழிக்கலாம்.”

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “எழுதுக்கா. காலையில வந்துட்டுப் போனாங்களே, அவங்களுக்கே அனுப்பு. பர்னரை அணைச்சது நான்தான்னும் போடு. கீழ கையெழுத்துப் போடறேன்” என்றான்.

“உன் பணம்?”

“ஏறின விலைக்கு நாளைக்கே வித்துடலாம். விரிசலை இன்னொருத்தன் தலையில கட்டின மாதிரி ஆயிடும். வேணாம். திங்கக்கிழமை பங்குதாரர் கூட்டம் இருக்குல்ல? நானும் பங்குதாரன்தானே. எழுந்து நின்னு கேக்கறேன்.”

“உக்கார வச்சிடுவாங்கடா.”

“ஒருத்தனா நின்னா உக்கார வைப்பாங்க.”

அவள் காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

பங்கு வாங்கியவர்களே! வழவழப்பான அறிக்கையில் அந்த வளையத்தின் படத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களே! அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து நிற்பான். நீங்களும் எழுந்திருங்கள். வெல்டிங் எத்தனை மணிக்கு முடிந்தது, சோதனை எத்தனை மணிக்கு நடந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.