சன்னலோர மேசைக்கு முன்பதிவு

அந்த உணவகத்தின் சன்னலோர மேசைக்கு முன்பதிவு செய்தவர்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் வரை சாவதில்லை. நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. எந்தப் பேருந்து எந்தத் தெருவில் திரும்பும் என்பதைப் போலத் தெரிந்த விஷயம். மற்ற மேசைகளில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் சாகலாம். சன்னலோர மேசைக்கு மட்டும் முன்கூட்டியே போனில் சொல்லிவைக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு ஒரு குடும்பம், இரண்டுக்கு ஒரு குடும்பம், அவ்வளவுதான். அதனால் வரிசை வருஷக்கணக்கில் நீண்டு கிடந்தது. சட்டதிட்டமும் கறார். ஒரு பெயருக்கு ஒரு பதிவுதான். தேதியை மாற்ற முடியாது, கேட்டாலே பதிவு ரத்து. மாற்றித் தரச்சொல்லிக் கேட்ட ஒரு வக்கீல், பதில் வருவதற்குள் ரிசீவரைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். சாப்பிட்டு முடித்தவர் மறுபடி பதிவு செய்யலாம், ஆனால் அங்கே போனை மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள். ஆரோக்கியமானவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, மறுபடி வரிசையில் சேர்ந்தார்கள். நோயாளிகள் யாரும் அந்த இடைவெளியைத் தாண்டியதில்லை. ஒரு பாட்டு வாத்தியார் சாப்பிட்டு எழுந்து வாசற்படி வரைக்கும்தான் வந்தார்.

அதே நகரத்தில் ‘மேசைக்காரி’ என்று ஒருத்தி இருந்தாள். ஒரு பெரிய கம்பெனியின் விருந்தாளிகளுக்கு நல்ல உணவகமாகப் பார்த்து இடம் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. அதில் அவள் கில்லாடி. புதுக் கடை என்றால் கூட்டமில்லாத நாளில் தனியாகப் போவாள். மெனு அட்டையைத் தொடமாட்டாள். முதலில் கைகழுவும் இடத்தைப் பார்ப்பாள், அப்புறம் சர்வர்கள் அந்தக் கடைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்களா, வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வருகிறார்களா என்று பார்ப்பாள். இடமே இல்லை என்று கைவிரித்த கடைகளுக்கு, மழை பிடித்ததும் மறுபடி போன் போடுவாள். நனையப் பயந்து எவனாவது பின்வாங்கியிருப்பான். சன்னலோர மேசையைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சாப்பாடு சுமார், பெயர்தான் பெரிது என்பாள். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், சாது. அடுத்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் கொள்கை. லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் கீழே நிற்பவர்களின் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. ஒருநாள் வேலை நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இந்த மழைக்காலம் தாண்டாது என்றார். மேசைக்காரி ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்று போன் போட்டாள். சீக்கிரமாக ஒரு தேதி கொடுங்கள் என்று கேட்டே பழகியவள், அன்றைக்குத்தான் முதன்முறையாக, இருப்பதிலேயே கடைசித் தேதியைக் கேட்டாள். எட்டு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. பன்னிரண்டு மணி, கணவர் பெயரில், இரண்டு பேருக்கு.

மழைக்காலம் வந்தது, போனது. அடுத்ததும் போனது. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டால் சில நாள் அவர் நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. ஆள் மறுநாளும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். ஒருமுறை கம்பி அறுந்து லிஃப்டோடு அடித்தளம் வரை விழுந்தவர், தூசியைத் தட்டிவிட்டு எழுந்து வந்து, கம்பி தரமில்லை என்று எழுதிக்கொடுத்தார். சோற்றில் உயிரைக் கட்டி வைத்திருக்கிற மனுஷன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். மேசைக்காரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எட்டாவது வருஷம் பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. காலண்டர் இருக்கும் சுவர்ப்பக்கம் அவள் திரும்புவதே இல்லை. தூங்குகிற மனுஷனின் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். அவர் கண்ணைத் திறக்காமலே, இருக்கேன் இருக்கேன் என்பார். அவர் இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பயம் அவளைத் தின்றது.

அந்த உணவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் அவர்களே போன் செய்து, வருகிறீர்களா என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் பதிவு அந்த நிமிஷமே ரத்து. புதன்கிழமை போன் அடித்தபோது மேசைக்காரி அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அடித்துக்கொண்டே இருந்தது. கணவர் அடுப்படியிலிருந்து வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

“எடுக்கலன்னா இப்பவே. எடுத்தா நாளைக்கு மத்தியானம். ஒரு நாள் லாபம்தானே?” என்றார். எடுத்து, வந்துவிடுகிறோம், ரொம்ப நன்றி என்று பணிவாகச் சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை வெயில் சன்னல் வழியாக மேசைவிரிப்பில் விழுந்துகொண்டிருந்தது. சூப் வந்தது. மேசைக்காரி கம்பெனிக் கதை, குழாய் ஒழுகுகிற கதை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி அவர் வாயை அடைக்கப் பார்த்தாள். அவர் எப்போதும் போலக் கடகடவென்று குடித்து முடித்தார். மீன் வந்தது. முள்ளை நான் எடுத்துத் தருகிறேன் என்று தட்டைத் தன் பக்கம் இழுத்து, இல்லாத முள்ளையெல்லாம் தேடினாள். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசல் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கொத்தனார், நகக்கண்ணில் சிமெண்ட் போகாமல் இருந்தது. கூட வந்தவள் அவருடைய அக்கா. போர்வைக்குள் உடம்பு இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி இளைத்திருந்தாள். இரண்டு பேரும் கணவரின் கரண்டியையே பார்த்தார்கள். கரண்டி மேலே போனால் நான்கு கண்களும் மேலே போயின. கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“பாவம், உடம்பு சரியில்லாதவங்க. காக்க வைக்கக் கூடாதும்மா. எழுந்துக்கலாம்” என்றார்.

தட்டில் ஒரு துண்டு மீன் மிச்சம் இருந்தது. அவர் அதை எடுத்தார். மேசைக்காரி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். கொத்தனார் எழுந்து நேராக இவர்களை நோக்கி வந்தார். சர்வர்கள் அப்படியே நின்றார்கள். சண்டைக்குத்தான் வருகிறான், வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மேசைக்காரி வாயைத் திறந்து தயாராக இருந்தாள். கொத்தனார் மேசையருகே குனிந்தார். கையைக் கூப்பினார்.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்தது எங்க அக்கா பேருல இருக்கு. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். மெதுவா சாப்பிடுங்க.”

இத்தனை வருஷமும் நடந்தது இதுதான். பெஞ்சில் வந்து உட்கார்ந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் உயிர்ப்பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் இருந்தவர்கள் அந்த முகத்தைப் பசி என்று நினைத்து, மரியாதைக்காக அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து கொடுத்திருக்கிறார்கள். எழுந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள், வந்து உட்கார்ந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாகரிகம் தெரிந்த ஊர் என்று பெயர் வாங்கினால் இப்படித்தான். கணவர் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். மேசைக்காரி விருந்தாளிகள் முன்னால் அழுகிற ரகம் இல்லை, அன்றைக்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

மாலையில் கடை சாத்தும் நேரத்துக்கு முதலாளியம்மா கோபமாகத்தான் வந்தார். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று கணவர் சொன்னார். சாப்பிடுகிறவரை எழுப்பலாம் என்று எந்தச் சட்டமும் அங்கே கிடையாது. வரிசையில் எங்கோ தன் பெயரும் இருப்பது முதலாளியம்மாவுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மீனைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். சிலர் ஓடியே போனார்கள். இப்போது பல வருஷம் ஆகிவிட்டது. மேசைக்கு ஒரு தடுப்புத் திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், முதுகுக்குத் தலையணை தந்திருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே வீட்டில் போலவே சண்டை போடுகிறார்கள். தலைவைத்துப் படுக்கும் திசை பற்றிக்கூட ஒரு நாள் சண்டை வந்தது. கொத்தனாரின் அக்கா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். பதிவு பதிவுதானே, விட்டுவிடக் கூடாது என்று தினமும் இரண்டு மணிக்குத் தலைவாரிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காருவாள். சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரைக்கு வெளியே நின்று கேட்பாள்.

“ஆயிடுச்சாங்க?”

“இல்லம்மா, இன்னும் ஒரு வாய் இருக்கு.”

“சரிங்க. அப்ப நாளைக்கு வரேன்.”