கதவோரத்துச் சாமந்தி

எங்கள் காலிஷ் ஊரில் நவம்பர் முதல் தேதியே கல்லறைத் திருநாள்; எல்லோரும் சாமந்தியோடு கல்லறைக்குப் போவார்கள். அதற்குள் பூக்காத சாமந்தியை எங்கள் பக்கத்தில் யாரும் சீந்தமாட்டார்கள். கல்லறைக்கு வைக்கிற பூவை வேறு யாருக்குக் கொடுப்பது? பிறந்தநாள் வீட்டுக்கு எடுத்துப் போனால் வாசலிலேயே திட்டு விழும்.

அதனால்தான் எங்கள் முதலாளி ஸெனோனின் பசுமைக்குடிலில் கறுப்புத் துணிக்கு அத்தனை மரியாதை. பகல் சுருங்கினால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். கோடைப் பகல் எங்கே சுருங்குகிறது? ராத்திரி ஒன்பது வரைக்கும் வெளிச்சம். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே துணியை இழுத்து மூடி, இருட்டிவிட்டதென்று செடியை ஏமாற்ற வேண்டும். இந்த வருடம் அந்த வேலையை ஸெனோன் போக்னாவிடம் கொடுத்தார்.

போக்னா எங்களிடம் வேலை பழக வந்தவள். அவள் இருந்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். மகளோடு வாடகை வீட்டில் இருந்தாள். திருநாள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று ஸெனோன் கறாராகச் சொல்லியிருந்தார். அவளோ துணியின் ஓரங்களை ஒவ்வொன்றாகச் செருகி, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மூடுவாள்.

"ஏண்டி, அப்படியே தாலாட்டும் பாடிரேன்" என்பேன்.

"பாடிட்டேங்க்கா. உங்க காதுலதான் விழல."

அக்டோபர் கடைசியில் குடில் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டது. கதவோரத்து வரிசை மட்டும் பச்சைப் பட்டாணி மாதிரி இறுகிய மொட்டுகளோடு நின்றது. ஸெனோன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அங்கே நிறுத்தினார்.

"துணிய ஒழுங்கா மூடல. அதானே?"

"தெனமும் மூடினேன், மொதலாளி."

"அப்ப செடி என்மேல கோவிச்சுக்கிட்டு நிக்குதா?"

எங்களில் ஒருத்தருமே அவளை நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"திருநாளோட நின்னுக்க" என்றார் ஸெனோன்.

போக்னா கையுறைகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

"புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவா மொதலாளி? கொஞ்சம் நல்லாப் பாருங்க" என்றேன்.

"பாக்காமலா இருந்தேன் யாத்விகா? புதுசா வந்தவளாச்சேன்னு கோடை பூரா தெனமும் சாயங்காலம் சாப்ட்டுட்டு நானே வந்தேன். இந்தக் கதவுப் பக்கந்தான் துணியத் தூக்கி மேல போட்டுட்டு, இதே வரிசையில மொட்டு வச்சிருக்கான்னு செடி செடியா பாப்பேன். அப்படியே நின்னு ரெண்டு சிகரெட் பிடிப்பேன். வெயிலும் நல்லா அடிக்கும், எல்லாம் பளிச்சுன்னு தெரி..."

பேச்சு அப்படியே நின்றுவிட்டது. வரிசையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக்கிச் சமாளித்தார்கள். ஸெனோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கையுறைய மாட்டும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அதுவரை கல்லாக நின்றவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். அவளை நம்பாமல் போனோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நிரந்தரமாவா?" என்று கேட்டாள்.

"நிரந்தரமாத்தான்."

"அப்படின்னா ஒண்ணு சொல்லணும். துணிய மூடினதுக்கப்புறம் நீங்க உள்ள வரக் கூடாது."

அவருடைய குடிலுக்குள்ளேயே வரக் கூடாது என்று அவரிடம் சொல்கிறாள்! கத்தப் போகிறார் என்று நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"வர மாட்டேம்மா" என்றார் ஸெனோன்.